பான் மாய் என்றால் புதூர்

வாசகர் கேள்வி பதில்

போடிமெட்டு பைக் பயணத்தைப் பற்றிப் போன இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்கள் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டன. தாய்லாந்து, இலங்கை, கொரியா என்று ஆளாளுக்குக் கிளம்புகிறீர்கள். எல்லாருக்கும் ஒரே கவலை, மொழி தெரியாத ஊரில் வழி கண்டுபிடிப்பது எப்படி என்பது. அதனால் இந்த முறை செயின் ஸ்ப்ராக்கெட், மைலேஜ் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணே, நாங்கள் நாலு பேர் டிசம்பரில் வடக்குத் தாய்லாந்து போகிறோம். சியாங் மாயில் பைக் வாடகைக்கு எடுத்து, பாய், மே ஹோங் ஸோன் எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்ப சியாங் மாய், மொத்தம் பத்து நாள். ஒருத்தன் கார்மின் ஜிபிஎஸ் கருவி வாங்கியே தீரவேண்டும் என்கிறான். இன்னொருத்தன் போனே போதும் என்கிறான். எங்களில் யாருக்கும் தாய் மொழி தெரியாது. என்ன செய்யலாம்?
*கே.புதூர் வாசகர், மதுரை*

"தாய் மொழி தெரியாது" என்பதைப் படித்துவிட்டு ஆசிரியர் ஒரு நிமிஷம் பதறிப்போனார், அப்புறம்தான் தாய்லாந்து மொழி என்று புரிந்தது.

நேராகச் சொல்லிவிடுகிறேன், பத்து நாள் வாடகை பைக்குக்கு கார்மின் வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கென்றே வரும் ஸூமோ எக்ஸ்டி மாதிரிக் கருவி 2020-இல் வந்தபோதே சுமார் 500 டாலர். இந்தியாவில் வாங்கினால் உள்ளே இந்திய வரைபடம்தான் இருக்கும், தாய்லாந்துக்குத் தனியாக ஏற்ற வேண்டும் (தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவிலிருந்து கார்மினுக்கென இலவசமாகச் செய்து தருகிறார்கள், ஆனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இறக்கி ஏற்றுகிற பொறுமை வேண்டும்). வாடகை வண்டியின் பேட்டரியிலிருந்து அதற்கு வயர் இழுக்க அந்தக் கடைக்காரர் விடுவாரா என்பது வேறு. அந்தப் பணத்துக்கு நீங்கள் நாலு பேரும் இரண்டு நாள் நல்ல விடுதியில் தங்கலாம்.

ஆனால் உங்கள் பிரச்சினை கருவியே இல்லை தம்பி. பெயர்.

நானும் அதே சுற்றைப் போயிருக்கிறேன். சியாங் மாயிலிருந்து பாய் வரைக்கும் 762 வளைவு என்று பெருமையாகச் சொல்வார்கள், மொத்தச் சுற்றுக்கு 1864 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் கிறங்கிப்போய் இரண்டாம் நாள் சாயங்காலம், தங்குமிடம் இருக்கும் கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினேன்: பான் மாய். முதலில் வந்த புள்ளியைத் தொட்டேன், போன் சொன்னபடியெல்லாம் திரும்பினேன், இருட்டுகிற நேரத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. விடுதியும் இல்லை ஒன்றும் இல்லை. பக்கத்துப் பெட்டிக்கடை அம்மாவிடம் போனில் இருந்த பெயரைக் காட்டினால் அவருக்கு ஆங்கில எழுத்து தெரியவில்லை, நான் வாயால் சொன்ன "மாய்" அவருக்கு வேறு எதுவாகவோ கேட்டது, அந்த மொழியில் ராகம் மாறினால் அர்த்தம் மாறும். கடைசியில் விடுதிக்காரருக்கு போன் போட்டு, போனை அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிட்டேன். இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு பிஸ்கட் அட்டையின் பின்னால் படம் வரைந்து கொடுத்தார். முப்பத்தைந்து கிலோமீட்டர் திரும்பி ஓட்டினேன், மலையில், இருட்டில்.

மறுநாள்தான் தெரிந்தது. பான் என்றால் ஊர், கிராமம். மாய் என்றால் புதிது. பான் மாய் என்றால் நம்ம புதூர்! நீங்கள் கே.புதூர்க்காரர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியில் நின்று "புதூர் போகணும்" என்று ஒருவர் சொன்னால் எந்தப் புதூர் என்றுதானே முதலில் கேட்போம்? தமிழ்நாடு முழுக்க எத்தனை புதூரோ, அத்தனை பான் மாய் அங்கே இருக்கிறது. நோங் புவா என்றால் தாமரைக்குளம், அதுவும் ஊருக்கு ஊர் உண்டு. சியாங் மாயே 'புது நகரம்'தான், 1296-இல் கட்டிய புது நகரம்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. திருப்பரங்குன்றம் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதிப் பார்த்திருக்கிறீர்கள்? பஸ் போர்டில் ஒரு மாதிரி, கடைப் பலகையில் ஒரு மாதிரி, அழைப்பிதழில் ஒரு மாதிரி. தாய்ப் பெயர்களுக்கும் அதே கதிதான், விடுதிக்காரர் எழுதிய ஆங்கிலமும் வரைபடத்தில் இருக்கிற ஆங்கிலமும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அதனால் பெயரைத் தட்டித் தேடுகிற பழக்கத்தை மதுரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கிளம்பும் முன்பே, வீட்டில் வைஃபை இருக்கும்போதே, தங்கப் போகிற ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் புள்ளியாகச் சேமித்துவிடுங்கள். விடுதிக்காரரிடம் முகவரி கேட்காதீர்கள், இருக்குமிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கேளுங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது. மீனாட்சியம்மன் கோயில் ஏறக்குறைய 9.9195, 78.1193 என்றால் தாய்லாந்துக்காரர் போனிலும் அது மீனாட்சியம்மன் கோயில்தான். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் சுத்தத்துக்கு இடத்தைக் காட்டும். ஒரு எச்சரிக்கை, சிலர் பாகை, நிமிடம், வினாடி என்று பழைய முறையில் அனுப்புவார்கள், அதைத் தசம எண் என்று நினைத்து அடித்தால் வேறு தாலுகாவுக்குப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு இடத்தின் பெயரையும் அந்த ஊர் எழுத்திலேயே வைத்திருங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாவது. அது போனுக்காக இல்லை, பெட்டிக்கடை அம்மாவுக்காக.

மூன்றாவது, சாலை எண். தாய்லாந்தில் இது பெரிய வசதி. நெடுஞ்சாலைப் பலகையில் எண்கள் நாம் எழுதும் 1, 2, 3 தான். வடக்குச் சாலைகள் 1-இல் தொடங்கும், வடகிழக்கு 2, நடு நாடும் கிழக்கும் 3, தெற்கு 4. இலக்கம் கூடக்கூடச் சாலை சிறிதாகும். பாய் வழியாக மே ஹோங் ஸோன் போவது 1095, அங்கிருந்து மே ஸரியாங் வழியாகத் திரும்புவது 108. இந்த இரண்டு எண்ணையும் பெட்ரோல் டேங்க் மேல் டேப் ஒட்டி எழுதிக்கொண்டால், போன் செத்தாலும் பாதி வழி வந்துவிடலாம்.

அப்புறம் ஆப். கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை முன்பே இறக்கி வையுங்கள், மலையில் சிக்னல் வரும் போகும். நெட் இல்லாதபோது போக்குவரத்து நெரிசலும் மாற்று வழியும் காட்டாது, வழி மட்டும் காட்டும், அது போதும். கூடவே இரண்டாவது ஆளாக ஓஸ்மண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ். இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுபவை, நாட்டையோ மாகாணத்தையோ முழுசாக இறக்கிக்கொண்டால் நெட்டே வேண்டாம். ஓஸ்மண்டில் ஊர்ப் பெயர்களை உள்ளூர் எழுத்திலா ஆங்கிலத்திலா எதில் காட்ட வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம், தெருப் பலகையில் தாய் எழுத்து மட்டும் இருக்கிற கிராமத்தில் உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். ஆனால் மண் பாதையைத் தவிர்க்கும் அமைப்பை மறக்காமல் போட்டுவிடுங்கள். தன்னார்வலர்கள் ஆட்டுத்தடத்தைக்கூட விடாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள், ஆப்புக்கு அதுவும் ரோடுதான்.

கூகுளில் கார் என்று இருப்பதை இருசக்கர வண்டிக்கு மாற்றுங்கள். தாய்லாந்தில் எக்ஸ்பிரஸ்வே, மோட்டார்வே இரண்டிலும் பைக் ஏறக் கூடாது, கார் வழியைப் போட்டால் அது நேராக அங்கேதான் ஏற்றிவிடும். பாங்காக்கில் இது நிச்சயம் நடக்கும். அங்கே சாலைக்கு மேல் சாலை, ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று சரியாகத் தெரியாது. நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் போன் குழம்புவதைப் பார்த்திருப்பீர்களே, ஏழு கிலோமீட்டர் நீளப் பாலத்தின் மேலே போய்க்கொண்டிருக்கும்போது "இடது பக்கம் திரும்பவும்" என்று கீழே இருக்கும் தெருவைச் சொல்லும், அதேதான்.

நாலு பேரில் இரண்டு பேர் போனில் ஒரே ஏற்பாடு இருக்கட்டும், ஆனால் ஒரே நேரத்தில் ஒருத்தர் மட்டும் வழி சொல்லட்டும். நாலு போனும் சேர்ந்து நாலு விதமாகப் பேசினால் பயணம் பட்டிமன்றம் ஆகிவிடும்.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்கிறான் என் மச்சான். செய்யும் என்கிறேன் நான். ஒரு செட் பரோட்டா பந்தயம். தீர்ப்பு சொல்லவும்.
*உசிலம்பட்டி*

பரோட்டா உங்களுக்குத்தான், சால்னாவில் பாதியை மட்டும் மச்சானுக்கு விட்டுக்கொடுங்கள்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாலு செயற்கைக்கோளின் குரல் கேட்டால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். ரேடியோவில் பாட்டுக் கேட்பது மாதிரிதான், கேட்க மட்டும் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை, சிம் கார்டும் வேண்டாம். அமெரிக்க ராணுவத்துக்காகக் கட்டியது இது. 1983-இல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, இது எல்லாருக்கும் திறந்துவிடப்படும் என்று அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம்தான் நிறுத்தினார்கள். இன்றைய போன்கள் பல, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. நம் நாட்டின் நாவிக்கும் சில போன்களில் உண்டு.

மச்சானுக்கு ஏன் பாதி சால்னா என்றால், இடத்தை மட்டும்தான் செயற்கைக்கோள் சொல்லும், வரைபடத்தை அது அனுப்பாது. வரைபடத்தை இறக்கி வைக்காமல் போனால் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். அதைத்தான் அவர் "வேலை செய்யவில்லை" என்று பார்த்திருப்பார். இன்னொன்று, நெட் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் இணையத்திலிருந்து சட்டென்று வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாமல் புது நாட்டில் இறங்கி முதல்முறை திறந்தால் வானத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், சில நிமிடம் ஆகும். மொட்டை வெளியில் நின்று ஒரு டீ குடியுங்கள், வந்துவிடும்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டினால் கேமரா போய்விடும் என்கிறார்களே, உண்மையா? நான் டவுன்ஹால் ரோட்டில் 250 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி ஒரு வருஷமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.
*சிம்மக்கல்*

ஒன்றும் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம், அல்லது உங்கள் வண்டி சின்ன எஞ்சின் ஸ்கூட்டராக இருக்கும். கை நடுங்கினாலும் படம் ஆடாமல் இருக்க, நல்ல போன்களில் லென்ஸ் காந்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். பெரிய எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாக நேராக அங்கே போய் அடிக்கிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே இதை வெளிப்படையாக எச்சரித்தது, பெரிய மோட்டார் சைக்கிளில் ஐபோனை மாட்டாதீர்கள், சின்ன வண்டி என்றாலும் அதிர்வு தாங்கும் ஸ்டாண்டு போடுங்கள் என்று. புல்லட் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

என் வழக்கம்: நல்ல போன் சட்டைப் பைக்குள், குரல் மட்டும் ஹெல்மெட்டுக்குள். ஹேண்டில்பாரில் மாட்டுவது மேஜை டிராயரில் கிடந்த பழைய போன், அதில் சிம் இல்லை, வரைபடம் மட்டும். திருடு போனாலும் மழையில் நனைந்தாலும் அழமாட்டேன். மழை என்றதும் ஞாபகம் வருகிறது, தண்ணீர்த்துளி விழுந்தால் தொடுதிரை அதை விரல் என்று நினைத்துக்கொண்டு தானாகப் பெரிதாக்கும், சிறிதாக்கும், சில சமயம் யாருக்காவது போன் போட்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் மழைக்கு நல்லது, வெயிலுக்குக் கேடு, சூடேறி அணைந்துவிடும். ஐபோனுக்கு 35 டிகிரி வரைதான் ஏற்ற வெப்பம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது, மதுரையில் அது காலைப் பத்து மணிக் கணக்கு. கார்மின் மாதிரிக் கருவிக்குக் காசு கொடுப்பது இந்த இடத்துக்குத்தான், வெயிலில் திரை தெரியும், கையுறையோடு தொடலாம், தண்ணீரில் முங்கினாலும் தாங்கும், அதிர்வுக்கென்றே செய்தது. சொந்த வண்டியில் மாசக்கணக்கில் நேபாளம், பூட்டான் என்று போகிறவர் வாங்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.

ஐயா, என் மகன் தனியாக பைக்கில் இலங்கை சுற்றப் போகிறான். எனக்கு இந்த ஜிபிஎஸ் எல்லாம் புரியாது. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தால் போதும். செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி இருக்கிறதாமே, வாங்கிக் கொடுக்கலாமா?
*திருநகர்*

அம்மா, தயவுசெய்து வாங்காதீர்கள். ஜிபிஎஸ் கேட்க மட்டும் செய்யும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இது பேசும் கருவி. செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியை அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் தெரியாமல் கொண்டுவந்து நம் விமான நிலையங்களில் மாட்டியிருக்கிறார்கள். போகும்போதோ வரும்போதோ உங்கள் பையன் மாட்ட வேண்டாம்.

இலங்கைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அங்கே இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை அதிகபட்சம் எட்டு மணி நேரம் வரை உங்களுக்குப் பகிரலாம், தினம் காலை வண்டியை எடுக்கும்போது ஒரு முறை தட்டினால் சாயங்காலம் வரை வரைபடத்தில் அவன் ஊர்ந்துபோவது உங்களுக்குத் தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் புள்ளி நின்றுபோகும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஒரு சேதி. அங்கே பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும், நமக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் தெற்கே போகப்போக வழி சொல்கிறவர் வாயில் வருவது சிங்களப் பெயர். கண்டியை மஹநுவர என்பார்கள், யாழ்ப்பாணத்தை யாப்பனய, மட்டக்களப்பை மடக்கலபுவ. நாம் காலி என்பதை ஆங்கிலப் பலகை கால் என்கிறது, சிங்களவர் கால்ல என்பார். ஊர் ஒன்று, பெயர் மூன்று. போகும் ஊர்களுக்கு இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எக்ஸ்பிரஸ்வேயில் அங்கேயும் பைக்குக்கு இடமில்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோடு அங்கே உள்ளூர் அனுமதியும் வாங்க வேண்டும், அதை விட்டுவிட வேண்டாம்.

நான் சியோலில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மேலூர். இங்கே பைக் வாங்கிவிட்டேன். கூகுள் மேப் பஸ், ரயில் எல்லாம் சொல்கிறது, பைக்கை எடுத்தால் ஊமையாகிவிடுகிறது. என் போனில் கோளாறா?
*சியோல், கொரியா*

போன் நன்றாக இருக்கிறது. விரிவான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக தென்கொரிய அரசு நெடுங்காலமாக அனுமதிக்கவில்லை, வடக்கே இருக்கிற பகையாளியை நினைத்து. அதனால் கூகுள் அங்கே வண்டிக்கு வழி சொல்வதில் நொண்டி. ஊர்க்காரர்கள் எல்லாம் நேவர் மேப், காக்காவ் மேப் தான். நேவரில் ஆங்கிலம் இருக்கிறது. ஆனால் எக்ஸ்பிரஸ்வேயிலும் கார்களுக்கென்று ஒதுக்கிய சாலைகளிலும் கொரியாவில் பைக் போகக்கூடாது, அதைத் தவிர்க்கும்படி அமைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

சீனா வேறு கதை. அங்கே வரைபடத்தையே சட்டப்படி கோணலாக்கி வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டு ஆப்பில் பார்த்தால் சில நூறு மீட்டர் தள்ளி, ஆற்றுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பது மாதிரி தெரியும். ஜப்பானில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பழக்கம், கார்களில் வரும் வழிகாட்டியில் விடுதியின் தொலைபேசி எண்ணை அடித்தாலே போதும், அங்கே கூட்டிப்போகும். முகவரி படிக்கத் தெரியாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கூகுள் தமிழில் வழி சொல்லுமே, வெளிநாட்டில் அதையே வைத்துக்கொள்ளலாமா?
*திருமங்கலம்*

வைத்துக்கொள்ளலாம், நானும் வைத்துப் பார்த்தேன். "இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்" என்று கேட்கும்போது மலையுச்சியில் ஒரு சொந்தக்காரர் கிடைத்த மாதிரி இருக்கும். தெருப் பெயர் வரும்போதுதான் சிக்கல், தாய் எழுத்தில் இருப்பதை விழுங்கிவிடும், அல்லது வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது மாதிரி ஏதோ சொல்லும். பெயரை நம்பாதீர்கள், தூரத்தையும் திசையையும் மட்டும் கேளுங்கள். பெயர் சொல்லும் வசதியை அணைத்துவிட முடிகிற ஆப்பில் அணைத்தே விடலாம். குரல் பொதியை முன்பே இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெட் போனதும் பேச்சும் போய்விடும்.

நண்பர் ஒருவர் தான் போன பாதையை ஒரு கோப்பாக அனுப்பினார். என் போனில் திறந்தால் அவர் போகாத வழியில் எல்லாம் இழுக்கிறது. அவரிடம் கேட்டால் சத்தியம் பண்ணுகிறார், இதே வழிதான் போனேன் என்று.
*விளாங்குடி*

அவர் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பாதைக் கோப்பை ஜிபிஎக்ஸ் என்பார்கள், அதில் பாதையை வைக்க இரண்டு வகை உண்டு. ஒன்று, புள்ளிகள் மட்டும் வைத்த கோலம், இதை ரூட் என்பார்கள். புள்ளிகளை எப்படிச் சேர்ப்பது என்பது ஒவ்வொரு கருவியின் இஷ்டம், உங்கள் போன் ஒரு மாதிரி இழுக்கும், அவர் கருவி வேறு மாதிரி. இன்னொன்று, இழுத்து முடித்த கோலம், இது டிராக். அவர் போன சுவடு அப்படியே இருக்கும், கருவி கை வைக்காது. அவரை டிராக்காக அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் டிராக்கை வைத்துக்கொண்டு வழி தவறினால் பல ஆப்கள் புது வழி சொல்லாது, கோட்டைத் தேடி நீங்களேதான் திரும்ப வேண்டும்.

போவதற்கு முன்னால் இங்கேயே பழகிப் பார்க்க முடியுமா?
*நாகமலை புதுக்கோட்டை*

இதைத்தான் முதலில் யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி வழியாக போடிமெட்டு ஏறுங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி எல்லையைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் பலகை மலையாளம். மூணாறு போய் மறையூர் வழியாக உடுமலைப்பேட்டையில் இறங்குங்கள், இறக்கி வைத்த வரைபடத்தை மட்டும் நம்பி. எந்தக் கேபிள் தளர்கிறது, எந்த இடத்தில் குரல் கேட்கவில்லை, கையுறையோடு எந்தப் பொத்தானைத் தொட முடியவில்லை, பவர்பேங்க் எத்தனை மணிக்குக் காலியாகிறது என்று எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். சின்னாறு காட்டுக்குள் சாயங்காலத்துக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள், நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர்பேங்க் என்றதும் ஒன்று. விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக்கூடாது, 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணிதான், பயப்பட வேண்டாம்.

வியட்நாமுக்கு இதே யோசனைகள் பொருந்துமா?
*தெப்பக்குளம்*

வழிக்குப் பொருந்தும், லைசென்ஸுக்குப் பொருந்தாது. நம்மூர் ஆர்டிஓ தரும் பன்னாட்டு அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஆனது, வியட்நாம் சேர்ந்திருப்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தில். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். தாய்லாந்து இரண்டு ஒப்பந்தத்திலும் இருக்கிறது, உங்கள் அனுமதியில் மோட்டார் சைக்கிள் முத்திரை இருந்தால் போதும். அப்புறம் வியட்நாமில் வலது பக்கம் ஓட்ட வேண்டும், தாய்லாந்து நம்மைப் போல இடது. எழுத்து ஆங்கிலம் மாதிரி தெரிந்தாலும் மேலும் கீழும் குறிகள் உண்டு, குறியை விட்டு அடித்தால் வேறு ஊர் வரும், இதுவும் புதூர்க் கதைதான்.

எல்லாம் செய்தும் வழி தவறிவிட்டது, போனும் செத்துவிட்டது. அப்போது?
*கே.புதூர் வாசகரின் அதே கடிதத்தில், பின்குறிப்பாக*

சட்டைப் பையில் இருக்கிற சீட்டை எடுங்கள், தாய் எழுத்தில் விடுதிப் பெயரும் அவர்கள் தொலைபேசி எண்ணும் எழுதியது. பெட்ரோல் பங்க்கைத் தேடுங்கள். அங்கேயும் அதைப் பம் என்றுதான் சொல்கிறார்கள், வாயைத் திறந்து கேட்கலாம். சீட்டைக் காட்டுங்கள், போன் பேசுவது மாதிரி காதில் கை வையுங்கள், அவர்களே எண்ணைப் போட்டுப் பேசுவார்கள். சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669, இந்த இரண்டையும் அதே சீட்டில் எழுதுங்கள்.

பிஸ்கட் அட்டை என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் அந்த அம்மா வரைந்த பாலம் எந்த ஆப்பிலும் இல்லை, ஆனால் பாலம் இருந்தது.